தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல்: மணல் எழுத்து முதல் எண்ணும் எழுத்தும் வரை

செயல்வழிக் கற்றல் என்பது, ஆசிரியர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, பிள்ளைகள் தாமே தொட்டும் செய்தும் பேசியும் பாடத்தைக் கற்கும் முறையாகும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த ஒரு திட்டத்தின் பெயராகவும் இச்சொல் வழங்குகிறது. இதனோடு நெருங்கிய தொடர்புடையது சமூக, மனவெழுச்சிக் கற்றல். தன் உணர்வைத் தானே அறிதல், கோபத்தையும் அச்சத்தையும் கையாளுதல், பிறர் நிலையை உணர்தல், நட்புடன் பழகுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் வளர்ப்பது இதன் நோக்கம்.

ஆசிரியர் பயிற்சி நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அலகுகளாக வைக்கின்றன. தொடக்க வகுப்பறையிலோ இவற்றைப் பிரிக்க முடிவதில்லை. அடிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை அட்டையைக் கையில் எடுத்தாலும் வாய் திறப்பதில்லை. பயம் தெளிந்த பிள்ளை ஒரு பிடி மணலிலும் எழுத்தைக் கற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் கருவிகள் பலமுறை மாறியுள்ளன. பிள்ளையின் பயத்தைப் போக்க முடிந்ததா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

திண்ணைப் பள்ளியும் மணல் எழுத்தும்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் தமிழ் ஊர்களில் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடந்தது. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி ஆகியவை வகுப்பறைகளாக இருந்தன. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்பட்டன. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் ஆகியவை பாடங்களாக இருந்தன. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் இப்பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இந்த ஆவணங்களைப் பிற்காலத்தில் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்டவர் தரம்பால். இவற்றைக் கொண்டு அக்காலக் கல்வியைப் பெருமையாகப் பேசுவோரும் உண்டு, அதன் குறைகளைச் சுட்டுவோரும் உண்டு. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே படித்தனர் என்பதும், தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை என்பதும் மறுக்க முடியாதவை.

திண்ணைப் பள்ளியில் கையால் செய்து கற்பதும், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதும் இருந்தன. இன்றைய செயல்வழிக் கற்றலின் இரண்டு தூண்கள் இவை. ஆனால் கூடவே பிரம்பும் இருந்தது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகள் இருந்தன. ‘முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்’ என்ற பழமொழி அக்காலப் பெற்றோரின் நம்பிக்கையைக் காட்டுகிறது. அந்த நம்பிக்கை திண்ணைப் பள்ளிகள் மறைந்த பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்ட அவர், அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இதற்கு இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர்கள் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் இல்லம் முழுவதிலும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவியது. பிரம்படியைக் குறைப்பதற்காகத் தவறுகளைக் கருப்புப் புத்தகம் ஒன்றில் குறித்து, மாணவர் நடுவர் குழுவின் முன் விசாரிக்கும் வழக்கத்தையும் பெல் ஏற்படுத்தினார்.

1796-இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டு இம்முறையைப் பற்றிய அறிக்கையை லண்டனில் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

கடல் கடந்த பின் அம்முறையின் உள்ளடக்கம் மாறியது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்திப் பாடம் ஒப்பிக்க வைக்கும் ஏற்பாடாக அது சுருங்கியது. சட்டாம்பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் இடையில் இருந்த நெருக்கம் போய்விட்டது, வரிசையும் மணியோசையும் மிஞ்சின. சிறிய இடத்தில் வெற்றி பெற்ற முறை பெரிய அளவில் விரியும்போது தன் உயிரை இழக்கும் ஆபத்து, பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் மீண்டும் தலைகாட்டியது.

அடையாறும் வார்தாவும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரண்டு சிந்தனைகள் தமிழகத் தொடக்கக் கல்வியைத் தொட்டன. ஒன்று இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரியுடையது. பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக நாடு திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் கொடைக்கானலில் இருந்தபோது, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவுடன் சேர்ந்து தொடக்க வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கான தம் கல்வி முறையை விரிவாக்கினார். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற அலமாரி, தரையில் விரிக்கும் பாய், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க உதவும் கருவிகள் ஆகியவை மாண்டிசோரி வகுப்பின் அடையாளங்கள். இவை நெடுங்காலம் கட்டணப் பள்ளிகளிலேயே தங்கிவிட்டன. ஏழைப் பிள்ளையின் அரசுப் பள்ளிக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மற்றொன்று காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் இது உருப்பெற்றது. நூற்பு, நெசவு, தோட்டவேலை போன்ற கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் மொழியும் அறிவியலும் அதன் வழியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது கருத்து. சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் இதற்கு ஊக்கமளித்தார். டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமமும் இதில் முன்நின்றது. ஊர்தோறும் ஆதாரப் பள்ளிகள் திறக்கப்பட்டன, தக்ளியில் நூல் நூற்ற தலைமுறை ஒன்று அவற்றில் படித்தது. எனினும் பல பள்ளிகளில் நூற்பு ஒரு தனிப் பாடவேளையாக மட்டுமே மிஞ்சியது. நூற்ற நூலின் நீளத்தைக் கொண்டு கணக்கைக் கற்பிக்கப் பயிற்சியும் பொறுமையும் உள்ள ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அப்படிப்பட்டவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை.

கைவேலையா, குலவேலையா?

கைத்தொழில் வழிக் கல்வி தமிழ்நாட்டில் ஒரு பெரும் அரசியல் போராட்டத்தையும் சந்தித்தது. முதலமைச்சர் இராஜாஜி 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்படி பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டு, பிள்ளைகள் இரண்டு முறைகளாகப் பிரிந்து வருவர். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ பழகுவர். பள்ளிகளும் ஆசிரியர்களும் குறைவாக இருந்த நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு இதுவே வழி என்று அரசு விளக்கியது. தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இந்த நிகழ்வு செயல்வழிக் கற்றலைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத ஒன்று. களிமண்ணில் எழுத்து செய்து ‘அ’ கற்பது ஒன்று, குயவர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சக்கரத்தின் முன் உட்கார வைப்பது வேறொன்று. முன்னதில் மண் ஒரு கருவி. பின்னதில் மண் ஒரு விதி. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் எல்லாக் கருவிகளும் கிடைக்கும்போதுதான் கைவேலை கல்வியாகிறது. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு போராடிக் கற்றுக்கொண்டது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அரசு வேறொரு பக்கத்திலிருந்து பிள்ளையை அணுகியது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் கற்பித்தல் முறைகள் அல்ல. ஆனால் பசித்த பிள்ளையிடம் எந்த முறையும் செல்லாது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்பது, சாதி வேறுபாடு ஆழ்ந்திருந்த ஊர்களில் நாள்தோறும் நடந்த ஒரு சமூகப் பாடமாகவும் இருந்தது.

ரிஷிவேலியிலிருந்து சென்னை மாநகராட்சிக்கு

இன்றைய செயல்வழிக் கற்றலின் நேரடி முன்னோடிகள் தமிழக எல்லைக்கு அப்பால் உள்ளன. ஆங்கிலேயரான டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிறிய பள்ளியைத் தொடங்கினார. கிராமத்துப் பிள்ளைகள் வயது வேறுபாடின்றிச் சேர்ந்து அமர்ந்து தத்தம் வேகத்தில் அங்கே படித்தனர். தேர்வும் தண்டனையும் அங்கே இல்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான ரிஷிவேலி நிறுவனத்தின் கிராமக் கல்வி மையம், பத்மநாப ராவ், ராமா தம்பதியரின் வழிகாட்டலில் இதே நோக்கத்தை ஏழைக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கு ஏற்ற வடிவில் செய்து காட்டியது. பாடப்புத்தகம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணி ஒன்று சுவரில் மாட்டப்பட்டது.

தமிழ்நாட்டில் இதை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் எம். பி. விஜயகுமார் என்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் அவர் ஈடுபட்டிருந்தார். பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஐந்து வயதுப் பிள்ளையுடன் அமர்த்தி ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்த முடியாது என்பதை அப்பள்ளிகள் காட்டின. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். அந்த ஆசிரியர்களே தமிழ்ப் பாடத்துக்கும் கணக்குக்கும் உரிய அட்டைகளை உருவாக்கினர். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறை, விரைவில் மாநகராட்சியின் மற்றத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தது.

விருத்தாசலம் அடங்கிய பழைய தென்னார்க்காடு பகுதிக்கு இதற்கான தளம் சற்று முன்னரே அமைந்திருந்தது. 1994-இல் நாட்டின் சில மாவட்டங்களில் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதல் கட்டத்தில் இப்பகுதியும் இருந்தது. வட்டார வள மையங்கள், தொடர்ச்சியான ஆசிரியர் பயிற்சி, பாடலும் விளையாட்டும் கலந்த கற்பித்தல் ஆகியவை அத்திட்டத்தின் வழியாக ஊர்ப்புற ஆசிரியர்களுக்கு அறிமுகமாகியிருந்தன.

வகுப்பறை மாறிய விதம்

செயல்வழிக் கற்றல் வகுப்புக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது பெஞ்சும் மேசையும் இல்லாமை. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்திருப்பர், ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்திருப்பார். அறையைச் சுற்றிச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தலைக்கு மேல் கட்டப்பட்ட கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த படங்களும் செய்த பொருள்களும் தொங்கும்.

காலையில் ஆசிரியர் பெயர் வாசித்து வருகை எடுப்பதில்லை. சுய வருகைப் பதிவில் பிள்ளையே தன் பெயருக்கு நேரே குறியிடும். ஆரோக்கியச் சக்கரத்தில் பல் துலக்கியதா, நகம் வெட்டியதா என்று தானே பார்த்துக்கொள்ளும். அன்றைய வானிலையைக் காலநிலை அட்டவணையில் குறிக்கும். எழுத்து கற்பதற்கு முன்பே, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும் பழக்கம் இது.

பின்னர் பிள்ளை கற்றல் ஏணியைப் பார்த்துத் தான் நேற்று நின்ற படியைக் கண்டுபிடிக்கும். அப்படிக்குரிய சின்னமும் எண்ணும் கொண்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு என்று அட்டைகள் படிப்படியாகச் செல்லும். மதிப்பீட்டில் தடுமாறினால் குறைதீர் பயிற்சி அட்டையும், எளிதாகக் கடந்தால் மேம்பாட்டு அட்டையும் காத்திருக்கும். அட்டையின் தன்மைக்கேற்பப் பிள்ளை ஆறு குழுக்களுள் ஒன்றில் சென்று அமரும். அக்குழுக்கள் வருமாறு:

1. முழுமையாக ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு
2. ஓரளவு ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு
3. சக மாணவர் துணையுடன் கற்கும் குழு
4. ஓரளவு சக மாணவர் துணையுடன் கற்கும் குழு
5. தானே கற்கும் குழு
6. மதிப்பீட்டுக் குழு

இந்த அமைப்பின் உண்மையான பயன் ஈராசிரியர் பள்ளிகளில் தெரிந்தது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்புகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. புதிய முறையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து அமர்ந்து தத்தம் வேலையைத் தொடர முடிந்தது. அறுவடைக் காலத்திலோ காய்ச்சலிலோ பத்து நாள் வராத பிள்ளைக்கும் பாடம் போய்விட்டது என்ற நிலை இல்லை. திரும்பி வந்த நாளில் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளில் பலர் இவ்வாறு இடையில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க முடியாமல் வெட்கப்பட்டு நின்றவர்களே என்பதால், இது சிறிய மாற்றமன்று.

பெயர் பின்னால் வந்தது

சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்ற பெயர் அமெரிக்காவில் 1994-இல் உருவானது. அதற்கு முன்பே, 1968-இல், ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுச் சூழலையும் பள்ளிச் சூழலையும் இணைக்கும் பணியைத் தொடங்கியிருந்தார். 1990-களில் உலக நலவாழ்வு அமைப்பு பத்து வாழ்க்கைத் திறன்களை வரையறுத்துப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையுணர்தல், உணர்வுகளைக் கையாளுதல், சிக்கல் தீர்த்தல் ஆகியவை அவற்றுள் சில. 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, 213 பள்ளித் திட்டங்களையும் 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இத்தகைய பயிற்சி பெற்ற பிள்ளைகளின் நடத்தை மட்டுமன்றிப் பாடத் தேர்ச்சியும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை அது காட்டியது.

செயல்வழிக் கற்றல் வகுப்பில் இந்தப் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அதன் கூறுகள் அங்கே இருந்தன. தன் படியைத் தானே கண்டுபிடிப்பது தன்னை அறிதல். தட்டில் அட்டை இல்லாதபோது மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பது தன்னடக்கம். மூன்றாம் குழுவில் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது உறவுத் திறன். எல்லோரும் வெவ்வேறு படியில் நிற்பதால், முதல் மாணவன், கடைசி மாணவன் என்ற வரிசை பகல் முழுவதும் கண்முன் நிற்பதில்லை. வகுப்புக்கு நடுவில் எழுப்பி நிறுத்தி விடை கேட்கும் வேளையும் இல்லை.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதைச் சட்டத்தின் மொழியில் சொன்னது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியே கற்றல் நடைபெற வேண்டும் என்றும், பிள்ளையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கற்பிக்கும் முறையும் அச்சமின்மையும் ஒரே பிரிவில் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

விமர்சனங்களும் தடைகளும்

மாநிலம் முழுவதும் ஒரே ஆண்டில் விரிந்த திட்டம் பல எதிர்ப்புகளைச் சந்தித்தது. ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று தினமும் குறித்துவைக்கும் வேலை பெருஞ்சுமை என்று ஆசிரியர்கள் கூறினர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதல் குழுவிலேயே இருபது பேர் வந்து அமர்ந்தால் மற்றவர்களைக் கவனிக்க முடிவதில்லை. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின. மாற்று அட்டை வரத் தாமதமானால் ஏணியில் ஒரு படியே காணாமல் போனது. மூட்டு வலியுள்ள மூத்த ஆசிரியர்களுக்கு நாள் முழுவதும் தரையில் அமர்வது துன்பமாக இருந்தது. இவையெல்லாம் சோம்பலால் வந்த புகார்கள் அல்ல.

பெற்றோரின் குறை வேறு வகையானது. பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, தேர்வு மதிப்பெண் இல்லை. பிள்ளை படிக்கிறதா, விளையாடுகிறதா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அதே தெருவில் ஆங்கிலவழி மழலையர் பள்ளிப் பிள்ளை கழுத்துப்பட்டையுடன் பாடலை ஒப்பிக்கும்போது, அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஐயம் எழுவது இயல்பே. முறையைப் பெற்றோருக்கு விளக்கும் பணி, ஆசிரியருக்குப் பயிற்சி அளித்த அளவுக்கு நடக்கவில்லை.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. சில வகுப்பறைகளில் அட்டையே புதிய மனப்பாடமாகிவிட்டது. பிள்ளை அட்டையை எடுக்கிறது, எழுதுகிறது, வைக்கிறது, அடுத்ததை எடுக்கிறது. ஆசிரியர் பதிவேட்டில் குறிக்கிறார். யாரும் யாருடனும் பேசுவதில்லை. மெட்ராஸ் முறைக்கு இங்கிலாந்தில் நேர்ந்தது இங்கும் நேர்ந்தது. கருவி நின்றது, அதைச் சுற்றியிருந்த உறவு மெலிந்தது.

பின்னர் வந்த மாற்றங்கள்

2012-13 முதல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. ஆண்டு முழுமைக்கான கனத்த புத்தகங்கள் மூன்று பருவங்களாகப் பிரிந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என வகுக்கப்பட்டது. பாடம் சாராப் பகுதிகளில் வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மை, விழுமியங்கள் ஆகியவையும் இடம்பெற்றன. பிள்ளையின் பரிவுக்கும் பொறுமைக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் கிடைத்தது. அக்கட்டத்தை ஆண்டு இறுதியில் ஒரே மாதிரி நிரப்பிவிடும் வழக்கமும் பல இடங்களில் வந்து சேர்ந்தது. செயல்வழிக் கற்றலும் புதிய பாடநூல்களுக்கு ஏற்ப எளிமைப்படுத்தப்பட்டது. 2018-இல் பாடநூல்கள் மீண்டும் மாறின.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இந்த இடைவெளியில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தது. இதை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கதை, பாடல், விளையாட்டு வழியாகப் பாடம் நடத்தினர். வீட்டிலேயே அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு எழுத்தைவிடத் தோழமையே முதலில் தேவைப்பட்டது.

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் அது விரிந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைக்கப்பட்டு, நிலைக்கேற்ற பயிற்சி நூல் பெற்றனர். கதை, பாடல், பொம்மலாட்டம், வாசிப்பு ஆகியவற்றுக்கு வகுப்பறையில் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஏணி போய் மூன்று நிலைகள் வந்தாலும், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே கற்பிக்க வேண்டும் என்ற அடிப்படை 2003-இல் இருந்ததே. டெல்லி அரசு 2018-இல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று தனிப் பாடவேளை ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2024-இல் மகிழ் முற்றம் என்ற பெயரில், அரசுப் பள்ளி மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாகச் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு வந்தது.

பீங்கான் நகரில் ஒரு வகுப்பு

விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் உள்ள பழமையான ஊர். திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர் பெற்றது. சுந்தரர் தமக்குக் கிடைத்த பொன்னை இங்கே ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகத் தலபுராணம் கூறும். இன்று இந்நகர் பீங்கான் தொழிலால் அறியப்படுகிறது. பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் செய்யும் சிறு தொழிற்கூடங்களும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உள்ளன.

இப்படிப்பட்ட ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கற்றல் கருவி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பிசைந்த களிமண்ணை உருட்டி எழுத்தின் வளைவைச் செய்யலாம். மண் உருண்டைகளைக் கோத்துப் பத்து, நூறு கற்பிக்கலாம். ஈரமான மண் உலர்ந்ததும் சுருங்குவதை அளந்து பார்த்தால், அளவையும் அறிவியலும் ஒரே வேலையில் வந்துவிடும். சூளையில் வைத்த பொருள் உடைந்து வரும் நாளில், ஏமாற்றத்தைத் தாங்கி மறுபடி செய்யும் மனமும் பழகும். சுட்ட பின் திருத்த முடியாது, ஈரத்தில்தான் திருத்த வேண்டும் என்பது குயவர் அறிவு. சிறு வயதிலேயே பிள்ளையைக் கண்டு துணைநிற்க வேண்டிய தேவையை இது எளிதாக விளக்குகிறது. ஆனால் பிள்ளை மண் அல்ல. அதற்கென்று ஓர் உருவம் உண்டு, அதை ஆசிரியர் வனைவதில்லை. 1953-இன் நினைவும் இங்கே வேண்டும். சூளையில் கூலி வேலை செய்பவரின் மகளும் கடைக்காரரின் மகனும் ஒரே மண்ணைப் பிசைந்து, ஒரே புத்தகத்தைப் படித்து, எந்த வேலைக்கும் போகக்கூடியவர்களாக வளரும்போதுதான் அந்த வகுப்பு நியாயமானதாகும்.

மதிப்பீடு

தமிழகத் தொடக்கக் கல்வியில் மணல், தக்ளி, அட்டை, பயிற்சி நூல் என்று கருவிகள் மாறிவந்துள்ளன. ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்தில், சிலரின் அக்கறையால் நன்றாக நடந்தது. பரவியபோது பதிவேடும் அட்டவணையும் முன்னே வந்து, பிள்ளை பின்னே போனது. குறை பெரும்பாலும் முறையில் இல்லை. ஆசிரியருக்குத் தரப்படும் நேரம், ஒரு வகுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை, பயிற்சிக்குப் பின் கிடைக்கும் துணை ஆகியவற்றில் இருந்தது. பிள்ளையின் சொல்லை அமர்ந்து கேட்க ஆசிரியருக்கு நேரம் இல்லாதபோது, பரிவைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுவதாகவே முடியும்.

எனினும் மாற்றம் நிகழவில்லை என்று கூற முடியாது. பிரம்பு இல்லாத வகுப்பறை என்பது ஒரு தலைமுறைக்கு முன் பெற்றோராலேயே நம்ப முடியாத ஒன்றாக இருந்தது. இன்று அது சட்டம், பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் வழக்கமும்கூட. ஆசிரியர் தரையில் அமர்ந்ததும், பிள்ளை தன் வருகையைத் தானே குறித்ததும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதற்கு வழி செய்தன. இனி வரும் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், இந்த மூன்றையும் விடாமல் வைத்துக்கொள்வது அதன் முதற்கடமையாக இருக்கும்.